கடற்சேற்றுக்கு ஒரு முகவரி

ஏரியைத் தூர்வாரினால் கரையில் டிராக்டர்கள் வரிசைகட்டும். வண்டல் மண் வயலுக்கு ஊட்டம். பானை வனைபவருக்கும் செங்கல் அறுப்பவருக்கும் பிழைப்பு. தமிழகத்தில் விவசாயிகள் அதைக் கட்டணமில்லாமல் அள்ளிக்கொள்ள அரசே அனுமதி தருகிறது. துறைமுகத்தைத் தூர்வாரும்போது அப்படி யாரும் வண்டி கட்டிக்கொண்டு வருவதில்லை. அங்கே அள்ளப்படுவது பெரும்பாலும் உப்பு ஊறிய, அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருஞ்சேறு. பயிருக்கு ஆகாது, அப்படியே கரையில் கொட்டினால் அதன்மேல் நடக்கக்கூட முடியாது. எனவே தூர்வாரும் கப்பல் அதை வயிறு நிறைய வாரிக்கொண்டு போய், குறித்துக் கொடுத்த இடத்தில் அடிக்கதவைத் திறந்து கடலிலேயே கொட்டிவிட்டுத் திரும்பும். ஆறும் அலையும் புதுச்சேற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த பருவத்தில் மறுபடியும் அதே வேலை.

இந்தச் சேற்றில் சிமெண்ட்டோ சுண்ணாம்போ இரும்பாலைக் கசடோ கலந்து இறுகச் செய்து, நிலமாக மாற்றலாம். இது ஆய்வகத்தோடு நின்றுபோன ஆசையல்ல. ஜப்பானில் ஒரு விமான நிலையத் தீவின் ஒரு பகுதி இப்படி உருவானது. அமெரிக்காவில் ஒரு வணிக வளாகம் நிற்கும் மனை இப்படிச் சீரமைக்கப்பட்டது. பின்லாந்தில் ஒரு துறைமுகம் தன் நச்சுச் சேற்றை இப்படித்தான் கட்டிப்போட்டது. ஆனாலும் பல துறைமுகங்களில் சேறு இன்னும் கடலுக்கே போகிறது. ஏன் என்ற கேள்விக்கு வேதியியலில் பாதி விடைதான் இருக்கிறது. மீதி விடை, கடலில் கொட்டுவதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கணக்கில் இருக்கிறது.

கொத்தனார் சிரிக்கும் கலவை

துறைமுகத்திலிருந்து அள்ளிய களிச்சேற்றில் ஒரு கன மீட்டரை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மண்ணின் எடையைப்போல ஒன்றரை மடங்கு தண்ணீர் அதில் இருப்பது சகஜம். அப்படியானால் அந்தக் கன மீட்டரில் தண்ணீர் மட்டுமே 800 கிலோவைத் தாண்டும். மண் 550 கிலோகூடத் தேறாது. இதில் 60 கிலோ சிமெண்ட்டைக் கொட்டிக் கலக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் சிரிப்பார். வீட்டுக் கான்கிரீட்டில் சிமெண்ட்டின் எடையில் பாதி அளவுக்குத்தான் தண்ணீர் விடுவார்கள். கொஞ்சம் கூடினாலே கலவை பலவீனமாகிவிடும் என்று மேஸ்திரி சத்தம்போடுவார். இங்கேயோ தண்ணீர் சிமெண்ட்டைப்போலப் பதின்மூன்று மடங்கு.

ஆனாலும் இறுகுகிறது. எப்படி?

சிமெண்ட் தண்ணீரைக் குடித்து வற்றச் செய்துவிடுவதில்லை. தன் எடையில் ஏறத்தாழ கால் பங்குத் தண்ணீரைத்தான் அது வேதிவினையில் பிணைத்துக்கொள்ளும். 60 கிலோ சிமெண்ட்டுக்கு அது 15 கிலோதான். மிச்சத் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். மாறுவது அதைச் சுற்றியுள்ள கட்டமைப்பு. சிமெண்ட் நீரேறும்போது கால்சியமும் சிலிக்காவும் சேர்ந்த பசைபோன்ற ஒரு பொருள் உருவாகிறது. அது களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, நீரைத் தன் கண்ணறைகளில் அடைத்துவைத்த கூடு ஒன்றைக் கட்டுகிறது. சேறு காய்வதில்லை; தண்ணீரோடு சேர்த்தே கட்டப்படுகிறது.

முதல் சில நாட்களில் நடப்பது இது. அதன்பிறகு மெதுவான இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. சிமெண்ட் வெளியேற்றும் சுண்ணாம்பு, களிமண்ணில் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் மெல்லக் கரைத்து, அவற்றோடு வினைபுரிந்து மேலும் பசையை உண்டாக்கும். வாரங்கள், மாதங்கள் என இது நீளும். சுண்ணாம்போடு சுட்ட செங்கற்பொடியைச் சேர்த்து அரைத்துப் பூசிய நம் பழைய கட்டடக் கலைஞர்கள் இந்த வினையின் பெயரை அறியாமலே இதைக் கையாண்டவர்கள்தான். சுர்க்கிச் சாந்து தண்ணீரிலும் இறுகியதற்குக் காரணம் இதுவே.

ஆய்வகத்தில் இதைப் பார்ப்பது எளிது. கஞ்சிபோன்ற சேற்றைச் சிமெண்ட்டோடு கலந்து, 5 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள சிறு உருளை அச்சில் ஊற்றி, குமிழி போகத் தட்டி, ஈரம் போகாமல் சுற்றிவைப்பார்கள். மறுநாள் விரல் அழுந்தும்; ஒரு வாரத்தில் நகம் மட்டும் பதியும். 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கும்போது ‘பட்’டென்று சாய்வாக விரிசல் விட்டு உடையும். சேறு வழியும், பிதுங்கும், உடையாது. உடைகிறது என்றாலே அது சேறு அல்ல, ஒருவகை மென்பாறை ஆகிவிட்டது என்று பொருள்.

இதற்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். சாதாரண வீட்டுக் கான்கிரீட் 20,000 கிலோபாஸ்கல் தாங்கும். நிரப்பு மண்ணாகப் பயன்படவேண்டிய சேற்றுக்கு 100 முதல் 200 கிலோபாஸ்கல் இருந்தாலே பல இடங்களில் போதும். நிற்கும் மனிதனின் பாதம் மண்ணில் தரும் அழுத்தம் சில பத்து கிலோபாஸ்கல்தான். கடற்சேற்றிலிருந்து செங்கல் செய்தோம், நடைபாதைக் கல் செய்தோம் என்று அவ்வப்போது செய்திகள் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செங்கல் வலிமைக்குச் சேற்றைக் கொண்டுபோக ஏராளமான பிணைப்பொருள் வேண்டும் அல்லது சூளை வேண்டும். லட்சக்கணக்கான கன மீட்டர் சேற்றைத் தின்று தீர்க்கும் பசி செங்கல்லுக்குக் கிடையாது. நிலம் நிரப்பும் வேலைக்குத்தான் உண்டு.

குழாய்க்குள் நடக்கும் பிசையல்

அந்தப் பசியை முதலில் உணர்ந்த நாடு ஜப்பான். மலையும் கடலும் நெருக்கும் அந்த நாட்டில் துறைமுகங்களும் ஆலைகளும் பெருமளவு கடலை நிரப்பிய நிலத்தில்தான் நிற்கின்றன. கடலடிக் களிமண்ணை இருக்கும் இடத்திலேயே சுண்ணாம்பு கலந்து இறுகவைக்கும் ஆய்வை அங்குள்ள துறைமுக ஆராய்ச்சி நிலையம் 1960-களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது.

நகோயா துறைமுகத்தில் தூர்வாரிய சேறு மலைபோல் குவிந்துகிடந்தது. அதே நேரம், அருகில் தோகோனாமே கடற்கரைக்கு அப்பால் சென்ட்ரேர் விமான நிலையத்துக்காக ஒரு தீவை உருவாக்கும் வேலை 2000-இல் தொடங்கியது. 2005 மார்ச்சில் ஐச்சி உலகக் கண்காட்சி. அதற்குள் விமானம் இறங்கியாக வேண்டும். சேற்றை அப்படியே கொட்டி, அது தன் எடையில் அமுங்கி நீர் வடிந்து கெட்டிப்படட்டும் என்று காத்திருக்க ஆண்டுகள் இல்லை. ஆகவே சுமார் 80 லட்சம் கன மீட்டர் சேறு சிமெண்ட்டால் இறுகவைக்கப்பட்டுத் தீவின் ஒரு பகுதிக்கு நிரப்பு மண்ணானது. 2005 பிப்ரவரி 17-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது.

அங்கே பயன்பட்ட முறை எளிமையிலும் நுட்பமானது. சேற்றைக் கலக்கப் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. தூரத்துக்குக் குழாய்வழி சேற்றைத் தள்ள எப்படியும் அழுத்தக் காற்று செலுத்தியாக வேண்டும். காற்று புகுந்ததும் குழாய்க்குள் சேறு ஒரே ஓட்டமாக ஓடாது. கட்டி கட்டியாகப் பிரிந்து, இரண்டு கட்டிகளுக்கு நடுவே காற்று, மறுபடி ஒரு கட்டி என்று பாயும். ஒவ்வொரு கட்டியும் ஓடும்போது அதன் விளிம்பு குழாய்ச் சுவரில் உராய்ந்து பின்தங்கும், நடுப்பகுதி முந்தும்; கட்டி தனக்குள்ளேயே புரண்டு புரண்டு பிசையப்படும். அந்தக் குழாயில் ஓரிடத்தில் சிமெண்ட் பாலைச் செலுத்திவிட்டால், சில நூறு மீட்டர் கடந்து மறுமுனைக்கு வருவதற்குள் கலவை தயார். மறுமுனையில் காற்றைப் பிரித்துவிட்டுச் சேற்றை மெதுவாக இறக்குவார்கள். வேகமாகக் கொட்டினால் கடல்நீர் புகுந்து சிமெண்ட்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். கொண்டுபோகும் செலவிலேயே கலக்கும் வேலையும் முடிந்துவிடுகிறது என்பதுதான் இந்த முறையின் சாமர்த்தியம்.

டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் 2010-இல் திறக்கப்பட்ட நான்காவது ஓடுபாதைக்கும் இதே வழி கைகொடுத்தது. சேற்றோடு சிமெண்ட்டும் நுரையும் சேர்த்து எடை குறைந்த மண்ணாக்கும் இன்னொரு முறையும் ஜப்பானில் உண்டு. 1995 நிலநடுக்கத்தில் சிதைந்த கோபே துறைமுகத்தின் கரைச்சுவர்களுக்குப் பின்னால் இத்தகைய மண்ணை நிரப்பினார்கள். பின்னாலுள்ள மண் லேசாக இருந்தால் சுவர்மேல் விழும் தள்ளுவிசை குறையும்.

வெற்றிக் கதையின் அடுத்த பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே சென்ட்ரேர் தீவை ஒட்டி, நகோயா துறைமுகச் சேற்றுக்காகப் புதிய கொட்டுமிடம் ஒன்று கட்டப்படுகிறது. ஒரு தீவை நிரப்பிய பிறகும் சேறு நிற்கவில்லை. ஆறு ஓயாமல் கொண்டுவருகிறது. நிலம் நிரப்பும் திட்டமோ தலைமுறைக்கு ஒன்றுதான் வரும். சேறு வரும் நாளும் சேறு தேவைப்படும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

கதவு அடைபட்டபோது

நியூயார்க் துறைமுகத்தின் கதை வேறு. அங்கே நிலப்பசி எதுவும் இல்லை. பல பத்தாண்டுகளாகச் சேற்றை நியூஜெர்சி கரைக்கு அப்பால் கடலில் கொட்டிவந்தார்கள். ஆனால் அந்தச் சேற்றில் டையாக்சின் இருந்தது. வியட்நாம் போரில் தூவப்பட்ட களைக்கொல்லியைத் தயாரித்த நியூவார்க் ஆலையிலிருந்து பசாயிக் ஆற்றில் கலந்த நஞ்சு அது. மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். 1990-களில் தூர்வாரும் அனுமதிகள் முடங்கின. கப்பல்கள் தரைதட்டும் என்ற அச்சம் எழுந்தது. கடைசியில் 1997 செப்டம்பரில் அந்தக் கொட்டுமிடம் மூடப்பட்டது.

மூடிய கையோடு மாற்றுவழிகள் முளைத்தன. எலிசபெத் நகரில் கைவிடப்பட்ட குப்பைமேட்டின் மீது சிமெண்ட் கலந்த சேற்றைப் பரப்பி மனையாக்கினார்கள். ஜெர்சி கார்டன்ஸ் என்ற வணிக வளாகம் 1999-இல் அங்கே திறக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் தோண்டிப்போட்ட பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் பள்ளங்களை நிரப்ப, சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் கலந்த நியூயார்க் சேறு போய்ச் சேர்ந்தது. தொழில்நுட்பம் 1996-லும் இருந்தது, 1998-லும் இருந்தது. இடையில் மாறியது ஒன்றுதான்: கடலில் கொட்டுவது மலிவான வழியாக இல்லாமல் போனது.

ஹெல்சிங்கியிலும் அப்படியே. நகரத்தின் சரக்குத் துறைமுகத்தை வூசாரிக்கு மாற்ற முடிவானபோது, பழைய கப்பல் கட்டும் தளம் இருந்த அந்த இடத்தின் சேற்றில் ட்ரைபியூட்டைல் டின் என்ற நஞ்சு கண்டறியப்பட்டது. சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கக் கப்பலின் அடியில் பூசும் வண்ணத்தில் இருந்தது அது. 2008-இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை அதைத் தடைசெய்தது. அந்தச் சேற்றைக் கடலில் கொட்ட முடியாது. எனவே லட்சக்கணக்கான கன மீட்டரை ஒரு தொட்டிக்குள் அடைத்து, எக்ஸ்கவேட்டரின் கைமுனையில் சுழலும் கலப்பானைப் பொருத்திப் பிணைப்பொருளைக் கலந்து, துறைமுக வளாகத்தின் நிலமாகவே ஆக்கினார்கள்.

மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சேற்றை இறுகவைக்கும் வித்தையைத் தேடி யாரும் ஆசையாக ஓடவில்லை. இடமில்லாமலோ அனுமதி இல்லாமலோ கொட்டும் கதவு அடைபட்ட பிறகுதான் அது ‘சிக்கனமான’ வழியாகத் தெரிந்தது. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1996-ஆம் ஆண்டு லண்டன் நெறிமுறைகூடத் தூர்வாரிய மண்ணை முற்றாகத் தடுக்கவில்லை; வேறு பயனுக்கு வழியிருக்கிறதா என்று முதலில் பார், பிறகு அனுமதி கேள் என்கிறது. அந்த ‘முதலில் பார்’ எவ்வளவு கறாராகக் கேட்கப்படுகிறதோ, அவ்வளவுதான் சேற்றுக்கு மதிப்பு.

மருந்தின் பக்கவிளைவு

கதவை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. பிணைப்பொருள் இலவசமல்ல, கறையற்றதும் அல்ல. கன மீட்டருக்கு 60 கிலோ என்றால் பத்து லட்சம் கன மீட்டர் சேற்றுக்கு 60,000 டன் சிமெண்ட். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டாக இருந்தால் அதைத் தயாரிக்கையில் ஏறக்குறைய 50,000 டன் கரியமில வாயு வெளியேறும். ஒரு சூழல் சிக்கலைத் தீர்க்கப் போய் வானத்தில் இன்னொன்றைக் கொட்டுவதாக முடியலாம். ஜப்பானில் இத்தகைய வேலைகளுக்கு இரும்பாலை உலைக்கசடு கலந்த சிமெண்ட் பரவலாகப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். உருக்காலைக் கசடையே சேற்றோடு கலந்து, முன்பு மணல் தோண்டியதால் கடலடியில் விழுந்த பெரும் பள்ளங்களை நிரப்பும் முறையும் அங்கே நடப்பில் இருக்கிறது. பிராணவாயு அற்ற நீர் அந்தப் பள்ளங்களில் தேங்கி, காற்றடிக்கும்போது மேலெழுந்து மீனையும் கிளிஞ்சலையும் கொல்வது டோக்கியோ விரிகுடாவின் நெடுநாள் தொல்லை.

நஞ்சு விஷயத்திலும் சிமெண்ட் சர்வரோக நிவாரணி அல்ல. பல உலோகங்களை அது பிடித்துவைக்கும். ஆனால் ஈயம், துத்தநாகம் போன்றவை காரம் மிகவும் ஏறினால் மீண்டும் கரையத் தொடங்கும். டையாக்சின்போன்ற கரிமச் சேர்மங்களைச் சிமெண்ட் வேதிவினையால் கட்டுவதில்லை. உள்ளே அடைத்துவைக்கிறது, அவ்வளவே. சிமெண்ட்டே சில மண்ணில் ஆறிணைதிறக் குரோமியத்தைக் கசியவிடும் என்பதால், சிமெண்ட் கலந்த மண்ணில் அதைச் சோதிப்பதை ஜப்பான் 2000-ஆம் ஆண்டிலேயே பொதுப்பணிகளுக்கு விதியாக்கியது.

சேற்றில் இலைதழை மக்கிய அங்ககப் பொருள் அதிகமிருந்தால், அது கால்சியத்தைக் கவ்விக்கொண்டு சிமெண்ட்டை இறுகவே விடாது. ஒரே துறைமுகத்தில் காலையில் அள்ளிய சேறும் மாலையில் அள்ளிய சேறும் வேறுவேறு குணத்தோடு இருக்கும். ஆய்வகத்தில் கிடைத்த வலிமையில் பாதிதான் களத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற பொறியாளர்கள் உண்டு. அதனால்தான் ஒரு துறைமுகத்தில் பலித்த கலவை விகிதத்தை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிவதில்லை.

நம் கரையில்

இந்தியக் கடற்கரைக்கு வரும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது மணலையும் சேற்றையும். சென்னைக் கரையில் அலை கொண்டுவருவது பெரும்பாலும் மணல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் எழுந்ததும் தெற்கே மணல் தேங்கி மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. மணலைத் தூர்வாரினால் அதில் சிமெண்ட் கலப்பது வீண். அரிப்பு உள்ள கரைக்கு அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவதே சரி. விசாகப்பட்டினத்தில் துறைமுக மணலை நகரக் கடற்கரைக்குத் திருப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. பிணைப்பொருள் தேவைப்படுவது கொச்சிபோன்ற களிச்சேற்றுத் துறைமுகங்களுக்குத்தான். அங்கே வேம்பநாட்டுக் காயலும் பருவமழையும் கூட்டுச் சேர்ந்து வாய்க்காலை ஓயாமல் தூர்த்துக்கொண்டிருக்கின்றன. கொச்சியின் கடற்களிமண்ணில் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் கலந்து பார்த்த ஆய்வுகள் பல ஆண்டுகளாக வெளிவந்திருக்கின்றன. ஆய்வுக்குப் பஞ்சமில்லை.

பிணைப்பொருளுக்கும் பஞ்சமில்லை. இந்திய நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தனியாக இறுகாது, சுண்ணாம்பைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பல் அப்படியல்ல. சுண்ணாம்பு கூடுதலாக இருப்பதால் தண்ணீர் பட்டாலே ஓரளவு தானாக இறுகும். ஆனால் சாம்பல் என்றதும் எண்ணூர்க்காரர்கள் முகம் சுளித்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தை எப்படித் தூர்த்தது என்பதை வலையில் பார்த்தவர்கள் அவர்கள். ‘கழிவையும் கழிவையும் சேர்த்துச் செல்வமாக்குகிறோம்’ என்று ஒரு திட்டம் வந்தால், அந்தக் கலவையிலிருந்து நீரில் என்ன கசிகிறது என்ற சோதனை முடிவை அவர்கள் முன்னால் வைக்காமல் ஒரு லாரிகூட நகரக் கூடாது.

ஆக, செய்ய வேண்டியதன் வரிசை தெளிவானது. தூர்வாரும் முன்பே சேற்றின் குணத்தைச் சோதிக்க வேண்டும்: மணல் எவ்வளவு, களி எவ்வளவு, நஞ்சு உண்டா. மணல் கரைக்குப் போகட்டும். நஞ்சுள்ள சேறு கட்டாயம் அடைத்து இறுகவைக்கப்படட்டும். நஞ்சில்லாத களிச்சேறு, அருகில் நிரப்பு மண் தேவைப்படும் வேலை இருந்தால் மட்டும் பிணைக்கப்படட்டும். இல்லாத இடத்துக்கு அதை நூறு மைல் சுமந்துபோய்ச் சிமெண்ட்டும் கொட்டுவது வெட்டிச் செலவு. மலையை உடைத்துக் கிராவல் கொண்டுவந்து சரக்குத் தளம் நிரப்பும் துறைமுகம், அதே ஆண்டில் தன் சேற்றைக் கடலில் கொட்டுகிறதா என்று தணிக்கையில் ஒரு கேள்வி கேட்டாலே பாதி வழி திறக்கும். தூர்வாரும் ஒப்பந்தத்தில், அள்ளிய கன மீட்டருக்குக் கூலி என்பதோடு, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கும் ஒரு வரி, ஒரு விலை வேண்டும். கடலில் கொட்டினால் கட்டணம், கரையில் பயன்பட்டால் ஊக்கத்தொகை. அந்த வரி இல்லாதவரை எந்த ஒப்பந்தக்காரரும் அருகிலுள்ள கடலை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள சிமெண்ட் கலப்பானைத் தேடிப் போகமாட்டார்.

இதற்கு வெளிநாட்டு முன்மாதிரிதான் வேண்டும் என்பதுமில்லை. 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சியில் கப்பல் வாய்க்காலைத் தோண்டியபோது, தோண்டிய மண்ணை எங்கே போடுவது என்பதையும் அதே வரைபடத்தில் எழுதினார். காயலின் நடுவே கல்லணை கட்டி மண்ணை அதற்குள் கொட்டவைத்தார். சிமெண்ட் கலக்கவில்லை, வேதிப்பொருள் எதுவுமில்லை. தோண்டும் வேலையும் நிரப்பும் வேலையும் ஒரே கணக்கில் இருந்தன. அப்படி எழுந்ததுதான் வில்லிங்டன் தீவு. கொச்சித் துறைமுகத்தின் தலைமை அலுவலகம் இன்றும் அந்தத் தூர் மண்ணின் மீதுதான் நிற்கிறது. வாய்க்காலைத் தூர்வாரும் கப்பலோ, அள்ளிய சேற்றோடு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.